ஒரு குளியலறைக்கு இரண்டு கதவு

எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு கடைசியாகப் பேசுவது குளியலறையைப் பற்றித்தான். தலைவாசல் எந்தத் திசை, பூஜை அறை எந்த மூலை, முன்பக்கம் வண்டி நிறுத்த எத்தனை அடி என்று ஆண்கள் கயிறு கட்டிச் சுண்ணாம்புப் பொடி தூவி முடித்ததும் பின்பக்கம் ஒரு துண்டு இடம் மிஞ்சும். "அதுல பாத்ரூமப் போட்டுக்கலாம்" என்பார்கள். அந்தத் துண்டு இடத்தில்தான் வீட்டுப் பெண்கள் குளிக்க வேண்டும், துவைக்க வேண்டும், மாதவிடாய்த் துணியை அலச வேண்டும், பிள்ளைகளைக் கழுவிவிட வேண்டும், சில நாள் யாருக்கும் தெரியாமல் அழவும் வேண்டும். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைப் படித்தவர்களுக்கு, எந்த அறை எந்த மூலைக்குத் தள்ளப்படுகிறது என்பது வெறும் கட்டட விஷயம் அல்ல என்று தெரியும். சமையலறையாவது பேச்சில் வந்துவிட்டது. குளியலறையைப் பற்றிப் பேச இன்னும் கூச்சப்படுகிறோம்.

எங்கள் ஊர் சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் குளியலறை நாலடிக்கு ஐந்தடி. அப்பா கட்டியது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், கீழே சிமெண்டுத் தரை, ஓரத்தில் துவைகல். அதையடுத்து, தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் வாங்கிக் கட்டிய கழிப்பறை. இரண்டும் பின்கட்டில், வீட்டிலிருந்து பதினைந்து எட்டு தள்ளி. தரையில் வாட்டம் சரியில்லாததால் தண்ணீர் எப்போதும் கதவோரம் தேங்கி நிற்கும். பாசி பிடித்து வழுக்கும். அம்மாவுக்கு 58 வயது. முப்பது வருஷமாகப் பயர் ஆபீஸில் வேலை. பட்டாசு ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சம்மணம் போட்டும் குத்தவைத்தும் சரம் பின்னிய முழங்கால்கள் இப்போது மடங்க மாட்டேன் என்கின்றன. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தால் சுவர் ஈரம். இந்த வருஷம் குளியலறையை இடித்துக் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தோம்.

தம்பி சென்னையில் இருக்கிறான். பணத்தில் பாதி அவன் தருகிறான். அவன் போனில் ஒரு படம் அனுப்பினான். படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை; வெஸ்டர்ன் கோப்பை, கண்ணாடித் தடுப்பு, ஷவர், கீசர், பளபளக்கும் வெள்ளை டைல்ஸ். பின்கட்டில் இருப்பதை இடித்துவிட்டு அங்கே பைக் நிறுத்த ஒரு கொட்டகை. "அம்மா இனிமே ராத்திரில வெளிய போக வேண்டாம்க்கா" என்றான். அக்கறையோடு சொன்னதுதான். அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பின்வாசல் வேணும்."

தம்பிக்கு அது பழைய பழக்கத்தை விடாத பிடிவாதமாகப் பட்டது. எனக்கு அதன் காரணம் தெரியும். சின்ன வயதிலிருந்து தினமும் பார்த்தது. கம்பெனி வேன் தெருமுனையில் இறக்கிவிட்டதும் அம்மா முன்வாசலுக்கு வரமாட்டாள். பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் போவாள். சேலைக்கு மேல் போட்டிருக்கும் ஆண்பிள்ளைச் சட்டையை வெளியிலேயே கழற்றித் தனி வாளியில் முக்குவாள். தலைமுடி முதல் கால் வரை தேய்த்துக் குளித்து, மாற்றுச்சேலை கட்டிக்கொண்டுதான் அடுப்படிக்கு வருவாள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ள முடியாது. "தொடாத, தொடாத, மருந்து" என்று கத்துவாள்.

மருந்து என்று நாங்கள் சொல்வது நோய் தீர்ப்பதை அல்ல. வெடிக்கு உள்ளே போகும் கலவையை. பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பொடி; நிறம் வேண்டுமென்றால் இன்னும் சில உப்புகள். பச்சை வெளிச்சத்துக்குப் பேரியம். கலப்பதும் இடிப்பதும் பெரும்பாலும் ஆண்கள் வேலை. மருந்து ஏற்றிய வெடிக்குத் திரி வைப்பது, சரம் பின்னுவது, தாள் சுற்றுவது, பெட்டி போடுவது பெண்கள் வேலை. தூசுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. நைட்ரேட் ஊறிய பருத்தித் துணி சாதாரணத் துணியைப் போல எரியாது. ஒரு பொறி பட்டால் சீறிக்கொண்டு பிடிக்கும். அந்தச் சட்டையோடு அடுப்பு முன்னால் நிற்பதும், திரிக்குப் பக்கத்தில் நெருப்பு வைப்பதும் ஒன்றுதான். அலுமினியத் தூசு காதுமடலிலும் நகக்கண்ணிலும் வெள்ளியாய் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. கரையும் பேரிய உப்பு உள்ளே போனால் நஞ்சு. படுக்கையறையோடு சேர்ந்த குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் அம்மா இதையெல்லாம் சுமந்துகொண்டு தலைவாசல், ஹால், தொட்டில் கட்டியிருக்கும் அறை எல்லாவற்றையும் கடக்க வேண்டும். அம்மா கேட்ட பின்வாசல் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. எந்தப் பொறியாளரும் சொல்லித்தராமல் முப்பது வருஷமாக அவளே கடைப்பிடித்தது.

உண்மையில் இது எங்கள் வீட்டுக் குளியலறையின் வேலையே அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 42ஆம் பிரிவில், தொழிலாளர்கள் கழுவிக்கொள்ளப் போதுமான வசதியை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே, மறைப்போடு, ஆலைக்குள்ளேயே செய்துதர வேண்டும் என்று எழுதி வைத்தது. மாற்றுத்துணி வைக்கவும் ஈரத்துணி காயப்போடவும் இடம் தர விதி செய்யலாம் என்று 43ஆம் பிரிவு சொன்னது. அம்மா வேலை பார்த்த இடங்களில் கை கழுவக் குழாய் இருந்தது. குளித்து உடை மாற்ற இடம் இருந்ததில்லை. கழிப்பறை தூரத்தில், அதுவும் கூட்டமாய் இருக்கும் என்பதால் சித்திரை வெயிலிலும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்ளப் பழகிய பெண்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தி உண்டு. ஆலையில் கட்டாத குளியலறையின் செலவை, தண்ணீரை, சோப்பை, நேரத்தை எங்கள் வீடுகள் ஏற்றுக்கொண்டன. வீடுகளில் யார் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பேரியத்தைப் பற்றி நாடே பேசியிருக்கிறது. டெல்லியில் மூன்று குழந்தைகளின் சார்பில் 2015இல் தொடுத்த வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் கலந்த பட்டாசுகளுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வெடித்த பிறகு வரும் புகையை யார் சுவாசிக்கிறார்கள் என்பது அந்த வழக்கின் கேள்வி. நியாயமான கேள்வி. வெடிப்பதற்கு முன்னால் அதே பொடி யார் சேலையில் ஏறி, யார் வீட்டுத் துவைகல்லில் இறங்குகிறது என்பதும் கேள்விதான். அதற்கு வழக்கு இல்லை. அதற்கான பதிலை எங்கள் வீட்டில் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் வரைந்துகொண்டிருந்தேன். சிவகாசி அச்சகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வெள்ளைத்தாளுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

பின்வாசல் என்றதும் வேறொரு பழைய வாடையும் வருகிறது. அதையும் சொல்ல வேண்டும். குளியலறையும் கழிப்பறையும் வீட்டைவிட்டு விலகிப் பின்கட்டுக்குப் போனதற்குக் காரணம் மருந்து அல்ல, தீட்டு. மாதவிடாய் என்றால் பின்வாசல். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் பின்வாசல். கழிப்பறையைச் சுத்தம் செய்ய வருகிறவர் என்று ஒரு சாதியை ஒதுக்கி அவரும் பின்வாசல் வழியாகவே வர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்தப் பின்வாசலை அடைத்துவிட வேண்டும் என்று நினைக்கிற பெண்களில் நானும் ஒருத்தி. பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைப் பார்த்து, "இந்த வயசுலயும் ஆசாரமா குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள போற" என்று மெச்சுவார். அம்மா சிரித்துக்கொள்வாள். ஆசாரம் ஒரு பெண்ணின் உடம்பே அழுக்கு என்கிறது. அம்மாவோ தன் உடம்பின் மேல் பிறர் ஏற்றிவிட்ட பொடியைத்தான் இறக்கி வைக்கிறாள். கதவு ஒன்றாக இருக்கலாம். அதன் வழியாக நுழைவதற்கான காரணம் ஒன்றல்ல.

தம்பி சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஐப்பசி மழையில், ராத்திரி இரண்டு மணிக்கு, முழங்கால் வலியோடு பதினைந்து எட்டு நடப்பது சாதாரணமல்ல. கரிசல் மண் நனைந்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும். பாம்பும் வரும். ஆக வீட்டுக்குள்ளிருந்தும் வழி வேண்டும், வெளியிலிருந்தும் வழி வேண்டும். பின்சுவரை ஒட்டிப் புதுக் குளியலறை. அடுப்படிப் பக்கம் போகாமல் நடையிலிருந்து ஒரு கதவு, முற்றத்திலிருந்து ஒரு கதவு. தாளில் அதை வரைந்தபோது எல்லாம் பொருந்தி வந்தது.

கொத்தனார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு பாத்ரூமுக்கு ரெண்டு கதவா? சத்திரமா தாயி கட்டுறோம்?" என்று சிரித்தார். உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தால் போதும் என்றேன். கதவுக்கு இடம் விட்டால் சுவரில் டைல்ஸ் அழகு கெடும் என்றார். கடைசியில், "எதுக்கும் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிப்போம். நாளைக்கு அவருதான வீட்டுக்காரரு" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை வாழ்க்கையில் ஒருமுறையாவது கேட்காத பெண் எங்கள் பக்கம் இருக்க முடியாது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மனை. உயில் எழுதாமல் இறந்தார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் திருத்தியது. இந்தியா முழுவதும் 2005இல் வந்தது. நான் கொத்தனாரிடம் சட்டம் பேசவில்லை. "வீட்டுக்காரங்க மூணு பேரு அண்ணே. ரெண்டு பேரு உங்க முன்னாலதான் நிக்கிறோம்" என்றேன். அம்மா தலையை ஆட்டினாள். தம்பியிடம் அன்று ராத்திரி போனில் சட்டையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "நாங்க கால்ல விழுந்து கட்டிக்கிட்டா திட்டுவாள்ல, அதுக்கா?" என்றான். அதற்குத்தான்.

எங்கள் திட்டத்திலேயே முக்கியமான கேள்வியைக் கேட்டது கொத்தனாரோடு வந்த சித்தாள் அக்கா. அளவு பிடிக்க டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவர், குரலைத் தாழ்த்தி, "வேலை நடக்குற இருவது நாளும் நீங்க ரெண்டு பேரும் எங்க போவீங்க?" என்றார். எத்தனையோ வீடுகளில் இடிப்பு வேலை பார்த்த அனுபவம் அந்தக் கேள்வியில் இருந்தது. தம்பியின் படத்திலும் கொத்தனாரின் மதிப்பீட்டிலும் அது இல்லை. ஆண்களுக்குக் கண்மாய்க்கரை இருக்கிறது.

பெண்களுக்கு முன்பு சீமைக்கருவேலம் இருந்தது. நிலத்தடி நீரை உறிஞ்சும் மரம் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி 2017இல் ஊர் ஊராக அதை வெட்டியபோது, எங்கள் ஊரில் ஆண்கள் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண்கள் மறைப்புப் போனதைப் பற்றிப் பேசினார்கள். இருட்டும்வரை காத்திருந்து, துணைக்கு ஆள் தேடி, லாரி வெளிச்சம் விழும்போதெல்லாம் எழுந்து நின்ற கதை அம்மாவிடம் நிறைய உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஊராட்சிதோறும் அரசு கட்டிய மகளிர் சுகாதார வளாகம் எங்கள் ஊரிலும் இருக்கிறது. குளிக்க, துவைக்க, கழிக்க என்று பெண்களை மனதில் வைத்துக் கட்டியது. தண்ணீர் இருந்தவரை நன்றாக நடந்தது. மோட்டார் பழுதானது, பூட்டுத் தொங்கியது, திறந்தது, மறுபடி பூட்டியது. இருபது நாளுக்கு அதை நம்ப முடியாது.

அதனால் வேலையின் வரிசையை மாற்றினோம். பழைய குளியலறையையும் கழிப்பறையையும் தொடாமல் புதியதை முழுக்க முடிப்பது. புதியதில் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகே பழையதை இடிப்பது. கொத்தனாருக்கு இதனால் மணல் கொட்ட இடம் நெருக்கடி. ஆனால் ஒப்புக்கொண்டார். எப்போது தொடங்குவது என்பதிலும் சிக்கல். தீபாவளிக்கு முன்னால்தான் போனஸ் கையில் வரும். தீபாவளி முடிந்து ஆலை அடைத்திருக்கும் சில வாரம்தான் அம்மா வீட்டில் இருப்பாள். ஆனால் அதே நேரம்தான் எங்கள் மாவட்டத்துக்கு மழை. குழி தோண்டினால் நிரம்பும், பூச்சு காயாது. எனவே போனஸை அப்படியே சீட்டுக்காரம்மாவிடம் கொடுத்து வைத்து, தை பிறந்ததும் தொடங்குவது என்று முடிவு.

அளவுகளை அம்மாவின் உடம்பில் எடுத்தோம். ஜாக்கெட் தைக்கக்கூட அவளுக்கு இவ்வளவு அளவு யாரும் எடுத்ததில்லை. உட்கார்ந்து எழக் கை எங்கே சுவரைத் தேடுகிறதோ அங்கே பென்சிலால் கோடு. அந்த இடத்தில் எஃகுப் பிடி. டைல்ஸில் ஒட்டாமல் சுவரில் துளையிட்டு இறக்க வேண்டும். கோப்பை வெஸ்டர்ன்; ஆனால் பெரிய தொட்டி வேண்டாம். பைப்பில் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வரும் ஊரில், ஒவ்வொரு முறையும் ஆறு லிட்டர் கொட்ட முடியாது. வாளியில் மொண்டு ஊற்றிக் கழுவும் வகை. தரைக்குப் பளபளப்பு டைல்ஸ் இல்லை, சொரசொரப்பானது. வாட்டம் கதவை விட்டு விலகி ஓட வேண்டும். கதவுகள் இரண்டும் வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே ஒருத்தி மயங்கி விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவள் உடம்பே அடைத்துக்கொள்ளும். வெளிக்கதவுக்குப் பக்கத்தில் மருந்துச் சட்டைக்கு ஒரு ஆணி, கூரைக்கு அடியில் ஒரு துவைகல். அந்தத் துவைகல் தண்ணீர் வாழை மூட்டுக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் போகாமல் எதிர்ப்பக்கம் போகும். நாப்கின் வைக்கத் தலைக்கு மேல் ஒரு மாடம். ஜன்னல் உயரமாய், ஆனால் பெரிதாய்.

கழிவுக்கு ஒற்றைத் தொட்டிக்குப் பதில் இரட்டைக் குழி. ஒன்று நிரம்பினால் அடைத்துவிட்டு மற்றதற்குத் திருப்பலாம். அடைத்தது ஒன்றிரண்டு வருஷத்தில் மட்கி மண்ணாகிவிடும். கரிசல் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும் என்பதால் குழி அகலமாக வேண்டும், உறையைச் சுற்றி மணல் போட வேண்டும். கொஞ்சம் செலவு கூடும். ஆனால் எங்கள் வீட்டு மலத்துக்காக இன்னொரு மனிதர் குழிக்குள் இறங்க நேராது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்த பிறகும் இறங்கிச் செத்தவர்களின் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்காகக் கட்டும் அறை இன்னொருவர் உயிரின் மேல் நிற்கக் கூடாது.

எல்லாம் எழுதி முடித்து, வேறு ஏதாவது வேண்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். கீசரைச் சொல்வாள் என்று நினைத்தேன். "உள்ளே ஒரு திண்டு போடச் சொல்லு" என்றாள். உட்கார்ந்து குளிக்கவா என்றேன். "குளிக்கிறதுக்கு இல்ல. குளிச்சு முடிச்சதும் ரெண்டு நிமிசம் சும்மா உக்காரணும். வெளிய வந்தா அடுப்புதான்."

ஜவுளிக்கடைகளில் நாளெல்லாம் நின்ற பெண்களுக்கு உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் போட்டது. ஆலைக்கும் அடுப்புக்கும் நடுவில் உட்கார ஒரு இடம் வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அம்மாவை உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னேன். பதினேழு அங்குலத்தில் கையை ஊன்றாமல் எழுந்தாள். தாளில் வெளிக்கதவுக்கு இடதுபுறம் ஒரு கட்டம் வரைந்து, 'திண்டு, 17 அங்குலம், குறைக்கக் கூடாது' என்று எழுதிக் கொத்தனாரிடம் கொடுத்தேன்.